இரண்டாவது கியரில்

பாலிக் பூலாவிலிருந்து பாயா தெருபோங் வரை
இரண்டாவது கியரிலேயே வந்தேன்.
துன் சார்டோன் சாலையின் ஒவ்வொரு வளைவிலும்
எனக்குப் பின்னால் பதினோரு கார்,
ஒரு டுரியான் லாரி.
ஹார்ன் அடித்தவன் அடித்தான்.
பெருவிரலால் தூக்கினால்
லீவர் எழுகிறது, கியர் எழவில்லை.
நான் என்ன செய்ய?

அடுக்குமாடியின் கீழ்த்தளம்.
மோட்டார் நிறுத்துமிடத்தில் ஒரு விளக்கு துடிக்கும்,
மற்றது போன வருஷமே செத்துவிட்டது.
அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.
மழை வந்துகொண்டிருந்தது, வரவில்லை.

வாரத்தில் நான்கு நாள் பாயான் லெப்பாஸ் ஆலையில்
அரிசிமணித் திருகுகளை இறுக்குகிறேன்.
போதும் என்றால் கருவியே சொல்லிவிடும்:
ஒரு கிளிக், ஒரு பச்சை விளக்கு.
பன்னிரண்டு மணிநேரத்துக்கு மூவாயிரம் பச்சை.

இந்த ஸ்க்ராம்ளருக்குப் பச்சை விளக்கு இல்லை.
அதனால் மூன்று ஞாயிறாக இறுக்கினேன்.
முதல் ஞாயிறு, ஸ்பானரால்.
அடுத்த ஞாயிறு, ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகி.
போன ஞாயிறு, கெட்ட வார்த்தையும் சேர்த்து.

இன்று கழற்றிப் பார்த்தேன்.
தண்டின் பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.
லீவரின் பல்தான்
ஒரு பக்கம் தேய்ந்து ஈறாகிவிட்டது,
மறுபக்கம் இன்னும் கடிக்கும்.
போல்ட் நுழையும் இடத்தில் ஒரு பிளவு.
இறுக்க இறுக்கப் பிளவு குறுகும்,
குறுகும்போது தண்டைக் கவ்வும்.
என்னுடையது முழுக்க மூடிக் கிடந்தது.
மூன்று வாரமாக நான் இறுக்கியது
உதட்டை உதட்டோடு.
நடுவில் இருந்த தண்டுக்கு
அது தெரியவே தெரியாது.

"லொங்கார் ஆ?"
எட்டாம் மாடி பூன் கியாட் அங்கிள்,
கையில் கோய்த்தியாவ் பொட்டலம்.
லொங்கார். தளர்ந்துவிட்டது என்பதற்கு மலாய்.
சொல்லே கழன்று விழுவது மாதிரி இருக்கிறது.
"புதுசு வாங்கு லா, எண்பது வெள்ளிதான்."
எண்பது வெள்ளி இருந்தால்
முதலில் பின் டயர், அங்கிள்.
அவர் போகவில்லை. போனில் விளக்கைப் போட்டு
என் கை இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்தார்.

இரும்பறுக்கும் வாளின் தகட்டை
துணி சுற்றிப் பிடித்து
ஒட்டிய உதடுகளுக்கு நடுவே இழுத்தேன்.
ஒரு தகட்டுக் கனம் போதவில்லை.
இரண்டு தகட்டைச் சேர்த்துப் பிடித்து
இழு, இழு.
கால்சட்டை முழுக்க வெள்ளித்தூள்.

போன் இருமுறை அதிர்ந்தது.
தவநேசன்தான்.
கையெல்லாம் எண்ணெய்,
அதனால் எடுக்கவில்லை
என்று வைத்துக்கொள்வோம்.

குளிர்பான டின்னை வெட்டி ஒரு பட்டை,
நகத்தின் அகலத்துக்கு.
ஈறான பக்கத்தில் அதை வைத்து
லீவரைத் தண்டில் செருகினேன்.
ஒரு பல் மேலே. வேண்டாம், காலுக்கு எட்டாது.
ஒரு பல் கீழே.
போல்ட்டில் ஒரு சொட்டுப் பசை.
அரைச்சுற்று. இன்னும் கால்.
பழைய கை இன்னும் கொஞ்சம் என்றது.
பிளவுக்குள் பார்த்தேன்:
மயிரிழை போல வெளிச்சம்,
மறுபக்கத்து அங்கிளின் போன் விளக்கு.
அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பசை காய இருபது நிமிஷமாவது விடவேண்டும்.
அங்கிள் பொட்டலத்தைப் பிரித்தார்.
ஆறிப்போன கோய்த்தியாவ், ஒரு முள்கரண்டி,
ஆளுக்கு ஒரு வாய் மாறி மாறி.
இறால் இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டார்.

பிறகு உதைத்தேன். பிடித்தது.
ஒன்று.
தூக்கினால், இரண்டு.
மூன்று இருக்கிறதா என்று
நின்றுகொண்டே தெரிந்துகொள்ள முடியாது.

ஈரச் சாலையில் இறங்கினேன்.
மூன்று எப்போது விழுந்ததோ கவனிக்கவில்லை.
கோயில் முனை தாண்டும்போது நான்கில் இருந்தேன்,
முன்னால் ஒருவரும் இல்லை, பின்னாலும் இல்லை,
பையில் அதிர்வது
போனா இன்ஜினா
தெரியவில்லை.